மின்னஞ்சல் வழங்கி

மின்னஞ்சல் வழங்கி என்பது மின்னஞ்சல்களைப் பெற்று, தற்காலிகமாகச் சேமித்து, உரிய பெறுநரின் அஞ்சல்பெட்டிக்கோ அடுத்த வழங்கிக்கோ அனுப்பிவைக்கும் கணினி, அல்லது அக்கணினியில் இயங்கும் மென்பொருள் ஆகும். சென்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ், எக்சிம், மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சு ஆகியன பரவலாக அறியப்பட்ட மின்னஞ்சல் வழங்கி மென்பொருட்களாகும். இவை எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை (எஸ்எம்டிபி) வழியாக ஒன்றுடனொன்று தொடர்பு கொள்கின்றன.

மின்னஞ்சல் பயனர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல்கள் இரண்டு. ஒன்று, பெரிய இணைப்புகளைக் கொண்ட மடல்கள் சென்று சேராமை. மற்றொன்று, பெறுநர்களின் முகவரிகள் பிறருக்குத் தெரிந்துவிடுதல். பயனர் திரையில் காணும் மடலும் வழங்கி கையாளும் மடலும் ஒன்றல்ல என்பதே இவ்விரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஆகும்.

உறையும் மடலும்

தஞ்சாவூர் தலைமை அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரிப்பவர், உறையின் மேலுள்ள முகவரியையும் 613001 என்னும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் மட்டுமே பார்ப்பார். உள்ளே இருக்கும் கடிதம் யாரை விளித்து எழுதப்பட்டுள்ளது என்பது அவருக்குத் தெரியாது; தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மின்னஞ்சலிலும் இவ்வாறு உறை, மடல் என்று இரு பகுதிகள் உள்ளன.

ஒரு வழங்கி மற்றொரு வழங்கியுடன் இணையும்போது முதலில் அனுப்புநரின் முகவரியைக் கூறுகின்றது. அடுத்து ஒவ்வொரு பெறுநரின் முகவரியையும் தனித்தனிக் கட்டளையாகக் கூறுகின்றது. இவை இரண்டும் சேர்ந்ததே உறை எனப்படுகின்றது. அதன் பின்னரே மடல் அனுப்பப்படுகின்றது. மடலில் தலைப்பு வரிகளும், ஒரு வெற்று வரிக்குப் பின் உடல்பகுதியும் இருக்கும். மடலை யாரிடம் சேர்ப்பது என்பதை வழங்கி உறையைக் கொண்டே முடிவு செய்கின்றது. தலைப்பிலுள்ள பெறுநர் வரியை அது இதற்குப் பயன்படுத்துவதில்லை.

எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டெல் ஆகஸ்டு 1982-இல் ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணமாக வெளியிட்டார். மடலின் வடிவத்தை டேவிட் குரோக்கர் தொகுத்த ஆர்எஃப்சி 822 வரையறுத்தது. இவை 2001-இலும் 2008-இலும் திருத்தப்பட்டன. 2008-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5321 உறையைப் பற்றியும், ஆர்எஃப்சி 5322 மடலைப் பற்றியும் கூறுகின்றன. உறைக்கும் மடலுக்கும் தனித்தனி ஆவணங்கள் இருப்பதே இவை வெவ்வேறானவை என்பதை உணர்த்தும்.

பெறுநர் தலைப்பு வரிகள்

மடலின் தலைப்பில் பெறுநரைக் குறிக்க மூன்று வரிகள் உள்ளன.

பெறுநர் ('டூ'): மடல் நேரடியாக யாருக்கு எழுதப்பட்டதோ அவருடைய முகவரி.

நகல் ('சிசி'): தகவலுக்காகப் படி பெறுபவரின் முகவரி. தட்டச்சுப் பொறியில் கரித்தாள் வைத்துப் படி எடுத்த காலத்தின் சொல் இது.

மறைநகல் ('பிசிசி'): படி பெறுவது பிறருக்குத் தெரியக்கூடாத ஒருவரின் முகவரி.

முதல் இரு வரிகளும் பெறுபவர் அனைவருக்கும் தெரியும். ஒரு சங்கம் தன் 150 உறுப்பினர்களுக்கும் கூட்ட அறிவிப்பு அனுப்பும்போது எல்லா முகவரிகளையும் பெறுநர் வரியில் இட்டால், ஒவ்வோர் உறுப்பினரும் மற்ற 149 பேரின் முகவரிகளைப் பெறுவார். அவர்களுள் ஒருவரது கணினியை நச்சுநிரல் தாக்கினாலும் முழுப் பட்டியலும் எரிதம் அனுப்புவோரின் கைக்குப் போகக்கூடும். இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காண உதவும் எந்தத் தரவையும் தனியாள் தரவு என்றே கொள்கின்றது.

மறைநகல் இயங்கும் முறை

மறைநகல் என்பது வழங்கிகளுக்கிடையே நடைபெறும் மறைவான ஏற்பாடு எதுவுமன்று. முகவரி உறையில் இருக்கும், தலைப்பில் இருக்காது, அவ்வளவே. பயனரின் மின்னஞ்சல் மென்பொருளோ முதல் வழங்கியோ அவ்வரியைத் தலைப்பிலிருந்து நீக்கிவிடுகின்றது. ஆகவே நீக்க வேண்டிய மென்பொருள் நீக்கத் தவறினால் மறைநகல் மறைவாக இராது. தாமே எழுதிய நிரல்களின் வழியாக அறிவிப்புகளை அனுப்புவோர் இத்தவற்றைச் செய்வதுண்டு. உறையில் முகவரிகளைக் கொடுத்த பின், மடலின் தலைப்பிலும் மறைநகல் வரியை எழுதிவிடுவர். இதைக் கருத்தில் கொண்டு போஸ்ட்ஃபிக்ஸ் தன் 3.0 பதிப்பு முதல் அவ்வரியை இயல்பாகவே நீக்கிவிடுகின்றது. ஆயினும் எல்லா வழங்கிகளும் அவ்வாறு செய்யும் என்று நம்ப இயலாது.

மடல் கடந்து வரும் ஒவ்வொரு வழங்கியும் தலைப்பின் மேற்பகுதியில் 'பெறப்பட்டது' என்னும் பொருளில் ஒரு முத்திரை வரியைச் சேர்க்கின்றது. அதில் யாருக்காகப் பெறப்பட்டது என்பதையும் குறிக்கலாம். உறையில் பல பெறுநர்கள் இருக்கும்போது இவ்வாறு குறித்தால் மறைநகல் முகவரி வெளிப்பட்டுவிடும் என்பதால், போஸ்ட்ஃபிக்ஸ் முதலிய வழங்கிகள் ஒரே ஒரு பெறுநர் இருக்கும்போது மட்டுமே இதை எழுதுகின்றன.

மின்னஞ்சல் குழுக்கள்

மின்னஞ்சல் குழுவில் வரும் மடலின் பெறுநர் வரியில் குழுவின் முகவரி மட்டுமே காணப்படும். உறுப்பினரின் பெயர் எங்கும் இராது. எனினும் மடல் அவருக்கு வந்து சேரும். குழுவை நடத்தும் மென்பொருள் தலைப்பை மாற்றாமல், உறையில் மட்டும் உறுப்பினர்களின் முகவரிகளை இட்டு அனுப்புவதே இதற்குக் காரணம். 1990களில் உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் இணையத்தில் தமிழில் உரையாடக் களமாக அமைந்த தமிழ்.நெட் போன்ற குழுக்கள் இம்முறையிலேயே இயங்கின.

ஓர் உறையில் எத்தனை பெறுநர்கள் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. குறைந்தது 100 பெறுநர்களையாவது ஏற்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 5321 கூறுகின்றது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 1000 பெறுநர்கள் வரை ஏற்கின்றது. வரம்பைத் தாண்டிய முகவரிகளை அனுப்பும் வழங்கி மற்றோர் உறையில் இட்டு மீண்டும் அனுப்ப வேண்டும்.

உறை தொலைந்த மடல்கள்

மடல் அஞ்சல்பெட்டிக்குள் விழுந்ததும் உறை அழிந்துவிடுகின்றது. தொலைபேசிவழி இணைய இணைப்பு வழக்கிலிருந்த காலத்தில் சிறு அலுவலகங்கள் பல, தம் ஊழியர் அனைவருக்கும் வரும் மடல்களைச் சேவை வழங்குநரிடம் ஒரே பெட்டியில் பெற்று, பின்னர் ஃபெட்ச்மெயில் போன்ற மென்பொருளால் இறக்கிப் பிரித்துக்கொண்டன. உறை இல்லாத நிலையில் அம்மென்பொருள் பெறுநர் வரியைப் பார்த்தே பிரிக்க வேண்டியிருந்தது. மறைநகலாகவோ குழுவின் வழியாகவோ வந்த மடலில் ஊழியரின் பெயர் இராது. ஆதலால் மடல் உரியவரைச் சேராது போயிற்று. சில வேளைகளில் குழுவுக்கே திருப்பி அனுப்பப்பட்டு முடிவில்லாமல் சுழன்றது. உறையிலுள்ள முகவரியை வழங்கியே ஒரு தலைப்பு வரியாக எழுதிவைப்பது இதற்குத் தீர்வாக அமைந்தது.

இணைப்புகள்

வரலாறு

எஸ்எம்டிபி தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளாலான 7-பிட் உரைக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. படம், ஒலி, நிரல் போன்ற கோப்புகளை அப்படியே அனுப்ப முடியாது. 1980-இல் மேரி ஆன் ஹார்ட்டன் உருவாக்கிய யூயுஎன்கோடு என்னும் நிரல், கோப்பை உரை எழுத்துகளாக மாற்றி மடலில் ஒட்ட உதவியது. நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வடிவமைத்த மைம் என்னும் சீர்தரம் ஜூன் 1992-இல் வெளியானது. அதற்கு முன்பாகவே 11 மார்ச் 1992 அன்று போரன்ஸ்டைன் தம் பாட்டுக் குழுவின் படத்தையும் பாடலையும் இணைத்து நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மடல் அனுப்பினார். இன்றைய மின்னஞ்சல் இணைப்பின் தொடக்கமாக அம்மடல் கருதப்படுகின்றது.

அளவு பெருகும் விதம்

மைம் சீர்தரத்தின்படி இணைப்பு என்பது மடலிலிருந்து தனித்த பொருளன்று. அது மடலின் உரைக்குள்ளேயே எழுதப்படும் ஒரு பகுதி. கோப்பு பெரும்பாலும் பேஸ்64 என்னும் முறையில் உரையாக மாற்றப்படுகின்றது. இதில் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாகின்றன. வரிக்கு 76 எழுத்துகள் வீதம் மடக்கப்பட்டு, ஒவ்வொரு வரிக்கும் முடிவுக்குறியாக 2 பைட்டுகள் சேர்க்கப்படுகின்றன. ஆகவே 57 பைட்டு 78 பைட்டாகின்றது. அதாவது கோப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு பெருக்கின்றது.

வழங்கி அளப்பது கோப்பின் அளவை அன்று. இவ்வாறு பெருத்த முழு மடலின் அளவையே. எனவே 25 மெகாபைட் வரம்புள்ள வழங்கியில் சுமார் 18 மெகாபைட் கோப்பையே அனுப்ப முடியும். போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளின் இயல்பான வரம்பு 1,02,40,000 பைட்டுகள் ஆகும். அதில் அடங்கும் கோப்பு சுமார் 74 இலட்சம் பைட்டுகளே. '10 மெகாபைட் வரை அனுப்பலாம் என்றார்கள், 8 மெகாபைட் கோப்புகூடப் போகவில்லையே' என்று பயனர்கள் குழம்புவதன் காரணம் இதுவே.

வரம்பை முன்கூட்டியே அறிவித்தல்

1995-இல் வெளியான ஆர்எஃப்சி 1870-இன்படி, வழங்கி தன் வரம்பை உரையாடலின் தொடக்கத்திலேயே அறிவிக்கலாம். அனுப்பும் வழங்கியும் மடலின் அளவை உறையுடன் சேர்த்துக் கூறலாம். வரம்பை மீறினால் மடலை அனுப்பத் தொடங்கும் முன்னரே மறுப்பு வந்துவிடும். இவ்வசதி இல்லாதபோது மடல் முழுவதும் வந்து முடிந்த பின்னரே மறுக்கப்படும். இந்தியாவில் 15 ஆகஸ்டு 1995 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, தொலைபேசிவழி இணைப்பின் வேகம் விநாடிக்கு 9600 பிட் அளவிலிருந்தது. அவ்வேகத்தில் 1 மெகாபைட் கோப்பு ஒன்றை மடலில் அனுப்ப 19 நிமிடங்கள் ஆகும். கடைசியில் மறுப்பு வந்தால் அவ்வளவும் வீண்.

ஓர் எடுத்துக்காட்டு

காவிரிப் படுகையில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் படிகள் தேவைப்படுகின்றன. ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் எழுத்தர், 10 விவசாயிகளின் 30 பக்கங்களை வருடிப் படமாக்கி, கடைசி நாளன்று மின்னஞ்சலில் அனுப்புவதாகக் கொள்வோம். பக்கத்துக்கு 0.7 மெகாபைட் வீதம் மொத்தம் 21 மெகாபைட். பெறும் வழங்கியின் வரம்பு 25 மெகாபைட் என்பதால் போய்விடும் என்று அவர் எண்ணுவார். ஆனால் மடலின் அளவு சுமார் 28.7 மெகாபைட். இனி நடக்கக்கூடியவை மூன்று.

1. சங்கம் பயன்படுத்தும் வழங்கியின் வரம்பும் 25 மெகாபைட்டாக இருந்தால், அனுப்பும் பொத்தானை அழுத்தியவுடனேயே பிழைச் செய்தி தோன்றும். எழுத்தர் வேறு வழி தேடலாம். மூன்றில் நல்லது இதுவே.

2. சங்கத்தின் வழங்கி 50 மெகாபைட் வரை ஏற்பதாக இருந்தால், மடல் ஏற்கப்பட்டு 'அனுப்பியவை' பகுதியில் இடம்பெறும். பெறும் வழங்கி அதை மறுத்ததும், சில நிமிடங்களில் ஆங்கிலத்தில் ஒரு மடல் திரும்பி வரும். அதை எரிதம் என்று எண்ணிப் படிக்காமல் விட்டால் விண்ணப்பம் சேரவில்லை என்பதே தெரியாது.

3. எழுத்தர் மடலை இரண்டாகப் பிரித்து அனுப்பியிருந்தாலும், பெறும் அலுவலகத்தின் பெட்டி நிரம்பியிருந்தால் பல வழங்கிகள் அதைத் தற்காலிகத் தடையாகவே கொள்ளும். அனுப்பும் வழங்கி விட்டுவிட்டு முயன்றுகொண்டிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் முயன்ற பின்னரே தோல்வியை அறிவிக்கும். 'தாமதமாகின்றது' என்னும் இடைக்கால அறிவிப்பு அதில் இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. தோல்விச் செய்தி வரும்போது கடைசி நாள் கடந்திருக்கும்.

'அனுப்பியவை' பகுதியில் ஒரு மடல் இருப்பது, அது முதல் வழங்கியிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்றாகும். பெறுநரைச் சேர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது.

மேற்கண்ட பக்கங்களை அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குப் பதிலாக 150 புள்ளிகளாக வருடினால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகும். கோப்பு ஏறத்தாழ 5 மெகாபைட்டாகவும் மடல் 7 மெகாபைட்டாகவும் சுருங்கி, போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். அச்செழுத்துகளைப் படிக்க 150 புள்ளிகள் பொதுவாகப் போதுமானவை.

மறுமொழி எண்கள்

வழங்கி ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று இலக்க எண்ணால் மறுமொழி கூறுகின்றது. முதல் இலக்கம் 2 எனில் வெற்றி. 4 எனில் தற்காலிகத் தடை. 5 எனில் நிலையான மறுப்பு. திரும்பி வரும் மடல்களில் பின்வரும் எண்களைக் காணலாம்.

452: சேமிக்க இடம் போதவில்லை, அல்லது பெறுநர்கள் மிகுதி. மீண்டும் முயலப்படும்.

550: அப்பெயரில் பெட்டி இல்லை, அல்லது வழங்கி ஏற்க மறுத்தது.

552: மடலின் அளவு வரம்பை மீறியது. மீண்டும் அதே மடலை அனுப்பிப் பயனில்லை.

பெரிய இணைப்புகளைக் கையாளும் முறைகள்

வழங்கியின் நிர்வாகி வரம்பை உயர்த்தினால் மட்டும் போதாது. மடல் கடந்து செல்லும் ஒவ்வொரு வழங்கிக்கும் தனி வரம்பு உண்டு. அவற்றுள் சிறியதே மடலுக்குரிய வரம்பாகும். மேலும் போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு பெட்டிக்கான வரம்பு ஒரு மடலுக்கான வரம்பைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. வட்டில் மடல் வரம்பைப் போல் ஒன்றரை மடங்கு வெற்றிடம் இல்லாவிடில் அது புதிய மடல்களை ஏற்பதையே நிறுத்திவிடும்.

பெறுநர்களின் எண்ணிக்கை கூடும்போது சேமிப்பும் பெருகும். 5 மெகாபைட் கோப்பை ஒரே வழங்கியிலுள்ள 150 பேருக்கு அனுப்பினால், வரிசையில் இருக்கும்வரை அது ஒரே மடல்தான். பெட்டிகளில் சேர்க்கப்படும்போது 150 படிகளாகி ஏறத்தாழ 1 கிகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். சில வழங்கிகள் ஒரே படியைச் சேமித்து எல்லாப் பெட்டிகளிலிருந்தும் சுட்டும் முறையைக் கையாள்கின்றன. எக்ஸ்சேஞ்சு இம்முறையைக் கொண்டிருந்தது. 2010 பதிப்பில் அது கைவிடப்பட்டது.

கோப்பை இணையத்தில் ஏற்றி அதன் தொடுப்பை மட்டும் மடலில் அனுப்புவது இன்று பரவலான வழக்கமாகும். ஜிமெயில் 25 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளைத் தானாகவே தொடுப்பாக மாற்றுகின்றது. இதில் மடல் சிறியதாக இருக்கும். கோப்பின் ஒரு படி மட்டுமே இருக்கும். ஆனால் தொடுப்பு காலாவதியானாலோ கோப்பு நீக்கப்பட்டாலோ மடல் வெறுமையாகிவிடும். தொடுப்பை அறிந்த எவரும் திறக்கும்படி விட்டால், நிலம், வங்கிக் கணக்கு முதலிய விவரங்கள் வெளிப்படும் இடரும் உண்டு.

பேஸ்64 மாற்றம் இன்றிக் கோப்பை அப்படியே அனுப்பும் வழியை 2000-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3030 வரையறுத்துள்ளது. வழியிலுள்ள எல்லா வழங்கிகளும் அதை ஏற்க வேண்டியிருப்பதால் அது பரவலாகவில்லை.

தமிழும் மின்னஞ்சலும்

ஒருங்குறிக்கு முன் பயன்பட்ட தஸ்கி போன்ற தமிழ்க் குறியாக்கங்கள், 128 முதல் 255 வரையிலான இடங்களில் தமிழ் எழுத்துகளை அமைத்தன. எட்டாவது பிட்டைக் கைவிட்டுவிடும் பழைய வழங்கியொன்றைக் கடந்தால் அம்மடல் படிக்க முடியாததாகிவிடும். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்டு, உலகெங்குமுள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் இத்தகைய குறியாக்கக் குழப்பம் நிலவிய காலத்திலேயே வளர்ந்தன. தஸ்கியின் பெயர் இணைய எண் ஒதுக்கீட்டு ஆணையத்தின் பட்டியலில் 2007-இல்தான் பதிவு பெற்றது. அதுவரை மடலின் குறியாக்கம் இன்னதென்று தலைப்பில் குறிக்கப் பொதுவான பெயர்கூட இருக்கவில்லை.

ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளைக் கொள்கின்றது. 'காவிரி' என்னும் சொல் மூன்று எழுத்துகளாகத் தோன்றினாலும் 6 குறிகளும் 18 பைட்டுகளும் கொண்டது. தலைப்பு வரிகளில் ஆங்கிலமல்லாத எழுத்துகளைச் சிறு துண்டுகளாகக் குறியாக்கி எழுத வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்துகளுக்கு மிகக்கூடாது என்பதால், அதில் 15 தமிழ்க் குறிகளே அடங்கும். நீண்ட தமிழ்ப் பெயரை எழுத்தின் நடுவில் வெட்டிவிடும் மென்பொருளால்தான் பெறுநர் வரியிலும் பொருள் வரியிலும் கேள்விக்குறிகளும் கட்டங்களும் தோன்றுகின்றன. இணைப்பின் கோப்புப்பெயருக்கு 1997-இல் தனி முறை வகுக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்துகளாக விரிகின்றது. இம்முறையை அறியாத மென்பொருளில் பெறுபவருக்குக் கோப்பின் பெயர் சிதைந்து தெரியும்.

முகவரியையே தமிழில் எழுதும் வழியை 2012-இல் வெளியான ஆர்எஃப்சி 6531 வகுத்தது. ஜிமெயில் 2014-இலும் போஸ்ட்ஃபிக்ஸ் 2015-இலும் இதை ஏற்றன. .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய தமிழ் உயர்நிலை ஆள்களப் பெயர்களும் உள்ளன. ஆயினும் பெறும் வழங்கி இதை ஏற்காவிடில் மடல் திரும்பிவிடும்.

இந்தியாவில் மின்னஞ்சல் வழங்கிகள்

இந்தியாவில் மின்னஞ்சல் 1986-இல் தொடங்கப்பட்ட எர்நெட் என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பின் வழியாக அறிமுகமானது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதன் தொடக்க உறுப்பு நிறுவனங்களுள் ஒன்று. தஞ்சாவூர் மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்ரீதர் வேம்பு 1996-இல் இணைந்து நிறுவிய நிறுவனம், பின்னர் சோகோ என்று பெயர் மாற்றம் பெற்றது. சோகோ மெயில் 2008-இல் அறிமுகமானது. 2025-இல் இந்திய மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 இலட்சம் மின்னஞ்சல் கணக்குகள் இந்நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டன. ஊழியர்களின் முகவரிகள் மாறவில்லை. ஓர் ஆள்களத்துக்குரிய மடல்களை எந்த வழங்கி பெறும் என்பது எம்எக்ஸ் எனப்படும் ஆள்களப் பதிவால் தீர்மானிக்கப்படுவதால், முகவரியை மாற்றாமலே வழங்கியை மாற்ற முடிகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

மின்னஞ்சல்
எரிதம்
ஒருங்குறி
தஸ்கி
மதுரைத் திட்டம்
ஆள்களப் பெயர் முறைமை

பகுப்புகள்: மின்னஞ்சல் | இணைய நெறிமுறைகள் | தமிழ்க் கணிமை